சிலந்தி பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: பயத்திலிருந்து பெயர் சொல்லும் வரை ஒரு வழிகாட்டி

எட்டுக்கால் பூச்சியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுபவரா நீங்கள்? இல்லை, பயமெல்லாம் இல்லை, தோட்டத்தில் பார்த்த அந்த மஞ்சள் பட்டைச் சிலந்திக்கு என்ன பெயர் என்று தெரிந்தால் போதும் என்பவரா? இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது எந்த நேரத்தில் போவது, என்ன வாங்குவது, யாரிடம் பெயர் கேட்பது, காட்டுக்குள் போக எந்தக் கடிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் முட்டிமோதித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். படிகளை வரிசைப்படி செய்யுங்கள். எளிதில் பிடித்துப்போகும் சிலந்தியில் தொடங்கி, பலரும் அலறும் சிலந்திக்குக் கடைசியில் வருவதுபோல அடுக்கியிருக்கிறேன். வரிசையை மாற்றி முதல் நாளே ராத்திரியில் டார்ச்சோடு கிளம்பினால் பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

1. உங்கள் பயம் எது என்று முதலில் பிரியுங்கள்

"சிலந்தின்னா பயம்" என்று பொதுவாகச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. சிலருக்கு அதன் வேகம் பயம், சிலருக்கு நீளக் கால்கள், சிலருக்கு முகத்தில் வலை ஒட்டுகிற அருவருப்பு, இன்னும் சிலருக்கு விஷம். எது உங்களுடையது என்று தெரிந்தால் எந்தச் சிலந்தியில் தொடங்கலாம் என்பதும் தெரியும். வேகம்தான் பிரச்சினை என்றால் வலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வகையில் தொடங்குங்கள். அது உங்களைத் துரத்தி வராது, வலையை விட்டு வருவதில் அதற்கு எந்த லாபமும் இல்லை. கால்கள்தான் பிரச்சினை என்றால் குட்டைக் கால் கொண்ட தாவும் சிலந்தி.

விஷத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்திகள் 50,000-க்கும் மேல், இந்தியாவில் மட்டும் 1,800-க்கும் மேல். விஷச் சுரப்பியே இல்லாத ஒரு சிறு குடும்பம் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. ஆனால் அது ஈயையும் கொசுவையும் கரப்பானையும் மடக்குவதற்கான விஷம். நம் வீட்டுச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் பல் நம் தோலைத் தாண்டி இறங்குவதே கஷ்டம், இறங்கினாலும் எறும்புக்கடி அளவு வலிதான். வட அமெரிக்காவில் வாழும் பிரவுன் ரெக்லூஸ் என்ற விஷச் சிலந்தியின் படத்தைப் போட்டு "உங்கள் கழிவறையில் இது இருக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

இன்னொன்று. காலையில் எழும்போது கழுத்திலோ கையிலோ கோடு போட்டதுபோல எரிச்சலோடு கொப்புளம் இருந்தால் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பெடரஸ் என்ற சிறு வண்டு தோலில் நசுங்குவதால்தான் பெரும்பாலும் அந்தக் கொப்புளம் வருகிறது. ஆரஞ்சும் கறுப்புமாக, எறும்பு மாதிரி நீளமாக இருக்கும். அதைச் செய்யாத சிலந்தி அதற்காக விளக்குமாற்று அடி வாங்குவது எனக்கு எப்போதும் வருத்தமான விஷயம்.

பயம் மட்டும்தான் நம் ஊரில் இருக்கிறது என்றும் இல்லை. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கதை சொல்லிக் கும்பிடுகிற ஊர் இது. வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள், ஒட்டடை அடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட அவர் ஆதரவு உதவும்.

2. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் ஃபோன், ஒரு நோட்டு, ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. இவ்வளவு போதும். டம்ளரைச் சிலந்தியின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, பத்திரிகை அட்டையை அடியில் நுழைத்து எடுத்தால் வீட்டுக்குள் வந்த எந்தச் சிலந்தியையும் தொடாமல் வெளியே விடலாம். டம்ளர் விளிம்பில் கால் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்காக வாய் அகலமான டம்ளராக எடுங்கள்.

ஆர்வம் நிலைத்தால் அடுத்து வாங்க வேண்டியது பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். 150 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். அப்புறம் தலையில் மாட்டும் டார்ச், 400 முதல் 1,000 ரூபாய். சின்னதைக் கிட்டே போய்ப் பெரிதாகப் படம் எடுக்க ஃபோனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் 500-லிருந்து 1,500 ரூபாய். கிளிப் தளர்வாக இருக்கும் மலிவு லென்ஸ் படம் எடுக்கும் நொடியில் நழுவும், அதனால் கடையில் உங்கள் ஃபோனில் மாட்டி ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். கேமரா ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாதிரியான ஒட்டு லென்ஸ் வாங்கலாம், அதற்குச் சில ஆயிரம் ஆகும், அவசரமே இல்லை. மேக்ரோ லென்ஸுக்கென்று முப்பதாயிரம், நாற்பதாயிரம் போட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாங்கக் கூடாதது: புட்டி, ஸ்பிரிட், பூச்சி வலை. பிடித்துச் சேகரிப்பது ஆய்வாளர்களின் வேலை, அதற்குத் தனி அனுமதி இருக்கிறது.

3. வீட்டுச் சுவரில் தொடங்குங்கள்: தாவும் சிலந்தி

நேரம்: காலை 9 மணியிலிருந்து 11 வரை, வெயில் படும் சுவர், ஜன்னல் கம்பி, மாடிக் கைப்பிடிச் சுவர். செலவு: ஒன்றுமில்லை.

சுவரில் விரல் நகத்தைவிடச் சிறியதாக ஒன்று விட்டுவிட்டு நகர்கிறதா, கிட்டே போனால் நின்று உங்கள் பக்கம் திரும்புகிறதா, அதுதான். சிலந்திக் குடும்பங்களிலேயே மிகப் பெரியது இது, 6,000 இனங்களுக்கு மேல். நம் வீடுகளில் அதிகம் தென்படுபவை பிளெக்சிப்பஸ் பேகுல்லியும் மெனெமெரஸ் பைவிட்டாட்டஸும். முதலாவதின் ஆணுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகத் தலையிலிருந்து முதுகு நெடுக பட்டைகள் இருக்கும். இரண்டாவது தட்டையாகச் சாம்பல் நிறத்தில் சுவரோடு சுவராக ஒட்டி ஈயைப் பதுங்கிப் பிடிக்கும்.

சிலந்தி பிடிக்கவே பிடிக்காது என்பவர்களைக்கூட இது மாற்றிவிடுகிறது, காரணம் அதன் முகம். எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும் பெரிதாக, நம்மை நேராகப் பார்ப்பவையாக இருக்கின்றன. கைலென்ஸில் உற்றுப் பார்த்தால் அந்தக் கண் கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறுவது தெரியும். கண்ணின் வெளிப்பகுதி அசையாது, உள்ளே விழித்திரையைத்தான் அது திருப்புகிறது, அதனால் வரும் நிறமாற்றம் அது. இரை பிடிக்க வலை பின்னாது, ஆனால் தாவுவதற்கு முன் ஒரு நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் தாவும், குறி தப்பினால் அந்த நூலில் தொங்கும். பின்னங்கால்களுக்குள் உடல் திரவத்தை அழுத்தத்தோடு தள்ளித்தான் அந்தப் பாய்ச்சல். ஒரு காலை முழுக்க இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு அருகில் மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் அங்கே ஒரு சோதனை செய்யுங்கள். எறும்புகளுக்குப் பக்கத்தில், ஆனால் கூட்டத்தோடு ஒட்டாமல், தனியாகத் தயங்கித் தயங்கி நடக்கும் ஓர் "எறும்பை" விரல் காட்டி நெருங்குங்கள். நூல் விட்டுக் கீழே இறங்கினால் அது எறும்பு இல்லை, எறும்பு வேஷம் போட்ட தாவும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டும். ஆணுக்குத் தாடை நீண்டிருப்பதால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவதுபோலவே இருக்கும். முசுறு கடித்தால் நன்றாகவே எரியும், முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள்.

4. வெளியே போங்கள்: வலையில் உட்கார்ந்திருப்பவை

இதற்குக் காலம் முக்கியம். சமவெளியில் வடகிழக்குப் பருவமழை பெய்யத் தொடங்கிய பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல பருவம். பனி விழும் மாதங்களில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் போனால் வலையில் பனித்துளி கோத்து எங்கே எது இருக்கிறது என்று தானே காட்டிக்கொடுக்கும். ஏப்ரல், மே வெயிலில் போய் "எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லை" என்று திரும்பாதீர்கள், அது சிலந்தியின் குற்றம் இல்லை.

முதலில் தேட வேண்டியது ஆர்ஜியோப்பி. வேலிச் செடி, கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, வயல் வரப்புப் புதர் என்று இடுப்பு உயரத்தில் தேடுங்கள். வலையின் நடுவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டதுபோல ஒரு கோலம், அந்தக் குறியின் மேலேயே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து மஞ்சள் பட்டை போட்ட பெண் சிலந்தி தலைகீழாக உட்கார்ந்திருக்கும். கையெழுத்துச் சிலந்தி என்று சொல்வார்கள். பூச்சியைக் கவர்வதற்கா, பறவை மோதாமல் எச்சரிக்கவா, அந்தக் கோலம் எதற்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. அதே வலையின் ஓரத்தில் தேடினால் பெண்ணோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறிய ஓர் ஆண் காத்திருப்பதைப் பார்க்கலாம். கூடும்போது பெரும்பாலும் அதற்கு உயிர் தப்பாது. நீங்கள் நெருங்கினால் பெண் சிலந்தி வலையை ஊஞ்சல் போல ஆட்டும். பயமுறுத்தத்தான் ஆட்டுகிறது, அதற்கு மேல் அது எதுவும் செய்யாது.

அடுத்தது நெஃபிலா பிலிப்பெஸ், பெரிய மரச் சிலந்தி. இதற்கு மலைப் பக்கம் போக வேண்டும். குற்றாலம், வால்பாறை, கொல்லிமலைச் சாலைகளில் மரங்களுக்கு நடுவே, சில இடங்களில் தலைக்கு மேலே, ஓர் ஆள் கை விரித்த அகலத்துக்கு வலை இருக்கும். பெண்ணின் உடல் மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர், கால்களோடு சேர்த்தால் உள்ளங்கையைத் தாண்டும். ஆண் அரை சென்டிமீட்டர்தான். பயப்படுபவர்கள் இதைப் பார்த்து ஓடிவிடுவார்கள் என்று நினைப்போம். ஆனால் நான் அழைத்துப் போனவர்களில் பலரும் இதன் முன்னால் வாயடைத்து நின்றார்கள். அது வலை நடுவில் அசையாமல் இருக்கிறது, நாம் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது நம் கையில் இருக்கிறது, அந்தத் தைரியம்தான் காரணம். காலை வெயில் சரிவாகப் படும்போது நூலின் தங்க நிறத்தைப் பாருங்கள். அந்த நிறம் நூலிலேயே இருப்பது. சிறு பறவைகள்கூட எப்போதாவது மாட்டும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்துவது மலைப்பாதையில் ஆபத்து, அகலமான திருப்பத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

வறண்ட ஊர்க்காரர்களுக்கு மலை எட்டவில்லை என்றால் கவலை வேண்டாம். முள்வேலியிலும் கருவேல மரத்திலும் தூசி படிந்த சாம்பல் நிறப் பொதி மாதிரி கூடு தொங்கும், அதைச் சுற்றி ஒழுங்கில்லாத வலை விரிந்திருக்கும். ஸ்டெகோடிஃபஸ் சரசினோரம், கூட்டமாக வாழும் சிலந்தி. சிலந்திகளில் மிகச் சில இனங்களே இப்படிச் சேர்ந்து வாழ்கின்றன. ஓர் ஈ மாட்டினால் பல சிலந்திகள் சேர்ந்து இழுக்கும், சேர்ந்து தின்னும். குஞ்சுகளுக்குத் தாய் தன் உடலையே கடைசியில் உணவாகக் கொடுத்துவிடும். கேட்பதற்குக் கொடூரமாகத் தோன்றும், ஆனால் சிலந்திகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நகரத்து ஆள் யாரும் தேடிப் போகாத, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் முள்புதரில் இவ்வளவு பெரிய குடும்ப வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது.

வலை சம்பந்தமாக ஒரு எச்சரிக்கை. படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வலையில் பவுடர் தூவுவது, தண்ணீர் பீய்ச்சுவது வேண்டாம். வலை பின்னுவதற்கு அது செலவழித்த புரதம் அதன் சாப்பாட்டிலிருந்து வந்தது. தோட்டத்துச் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்று அந்தப் புரதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் மாலையில் புது வலை போடுகின்றன. பவுடர் படிந்த வலையை அது அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

5. இரவில் ஒரு சுற்று

இருட்டிய பிறகு ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை போதும். தலை டார்ச்சைக் கண் மட்டத்துக்கு அருகில் வைத்துப் புல்தரையை, வரப்பை, ஏரிக்கரையைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். அவை ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒளிபிரதிபலிக்கும் படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், டார்ச் கையில் தாழ்வாக இருந்தால் ஒன்றும் தெரியாது. டார்ச் பழுது என்று நினைத்துப் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பனித்துளியும் மின்னும், ஆனால் நீங்கள் தலையை அசைத்தால் அது நிறம் மாறும் அல்லது அணையும். சிலந்திக் கண் அப்படியே நிற்கும். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான சின்னப் பொட்டுகள் நெருக்கமாக மின்னினால் ஓசையில்லாமல் கிட்டே போங்கள், குஞ்சுகளை முதுகில் சுமக்கும் தாயாக இருக்கலாம்.

கட்டாயம்: முழங்கால் வரை பூட்ஸ், குறைந்தது கனமான ஷூ. தனியாகப் போகாதீர்கள். சிலந்தியைப் பார்த்துக் காலடியைப் பார்க்காமல் விட்டால் கட்டுவிரியனையும் கண்ணாடிவிரியனையும் மிதிக்க வாய்ப்பு உண்டு. உண்மையான ஆபத்து சிலந்தியிடம் இல்லை, இங்கேதான் இருக்கிறது. ஆதார் அட்டையைச் சட்டைப் பையில் வையுங்கள். இருட்டில் தலையில் விளக்கோடு குனிந்து தேடுபவரைப் பார்த்தால் ஊர்க்காரர்களுக்கும் ரோந்துக் காவலர்களுக்கும் சந்தேகம் வருவது நியாயம். கிளம்பும் முன் அந்தத் தெருவில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பிரச்சினை தீரும். ஃபோனில் எடுத்த சிலந்திப் படங்களைக் காட்டினால் மீதிப் பாதியும் தீரும்.

வீட்டுக்குத் திரும்பி வந்தால் குளியலறையில் காத்திருப்பது ஹெட்டெரோபோடா வெனட்டோரியா. கதவிடுக்கில் புகும் தட்டை உடம்பு, நண்டு போலப் பக்கவாட்டில் விரியும் கால்கள், முகத்தில் மீசை வைத்ததுபோல வெளிறிய பட்டை. தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் அலறல் வாங்கும் சிலந்தி இதுதான், காரணம் அதன் வேகம், எந்தப் பக்கம் ஓடும் என்று கணிக்க முடியாத தன்மை. வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடித்துத் தின்னும். வெள்ளை வட்டத் தட்டு மாதிரி முட்டைப் பையை வயிற்றுக்கு அடியில் பிடித்திருந்தால் அது பெண், அந்த நேரத்தில் மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள், முட்டையைக் காக்கக் கடிக்கக்கூடும். மற்ற நேரத்தில் டம்ளரும் கல்யாணப் பத்திரிகையும். என் வீட்டில் வெளியே விடுவதே இல்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், மருந்து அடிக்காமலே கரப்பான் குறைந்தது.

6. படம் எடுக்கும் முறை

பெயர் கண்டுபிடிக்க ஒரு படம் போதாது. இந்த வரிசையில் எடுங்கள்: முதலில் தூரத்திலிருந்து வலையும் சூழலும், அப்புறம் மேலிருந்து முதுகு, பின் முகம், முடிந்தால் வயிற்றுப் பக்கம். முகம் மிக முக்கியம். எட்டுக் கண்களும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். முன்னால் இரண்டு பெரியவை என்றால் தாவும் சிலந்தி, கீழே நான்கு சிறியவையும் மேலே நான்கு பெரியவையும் என்றால் ஓநாய்ச் சிலந்தி. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம் எடுத்தால் அளவு தெரியும், சிலந்தி ஓடிவிடும் என்றால் அது இருந்த இடத்தில் பிறகு நாணயத்தை வைத்து எடுங்கள். முகத்தின் இரு பக்கமும் இருக்கும் சின்ன உணர்கால்களின் நுனி உப்பியிருந்தால் வளர்ந்த ஆண். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. பெயர் கண்டுபிடிப்பது

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் கணக்குத் தொடங்குங்கள், இலவசம். நாம் ஏற்றும் உயிரினப் படங்களைப் பார்த்து மற்றவர்கள் பெயர் சொல்லும் இடம் அது. படங்களை ஒரே பதிவாகச் சேர்த்து ஏற்றுங்கள். நான்கு படத்தை நான்கு பதிவாகப் போடுவது புதியவர்கள் எல்லாரும் விழும் குழி, அப்படிப் போட்டால் முகம் ஓரிடத்திலும் முதுகு ஓரிடத்திலும் பிரிந்து யாராலும் பெயர் சொல்ல முடியாது. தேதியும் இடமும் சரியா என்று பாருங்கள்.

செயலி தானாகக் காட்டும் முதல் பெயரை அப்படியே அழுத்தாதீர்கள். நம் ஊரில் இல்லாத ஐரோப்பிய, அமெரிக்க இனங்களை அது சில நேரம் காட்டும். "தாவும் சிலந்திக் குடும்பம்" என்று குடும்ப அளவில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். சில பதிவுகளுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வரும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு வரவே வராது. சோர்ந்துபோகாதீர்கள். சிலந்திகளில் நிறைய இனங்களை, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், படத்தால் முடியாது. பேரினம் வரை, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம் எது என்பது வரை, தெரிந்தாலே அது நல்ல முடிவு. யாராவது திருத்தினால் ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் பொறுமையாக விளக்குவார்கள்.

8. அனுமதியும் ஆவணங்களும்

உங்கள் வீடு, மொட்டைமாடி, நண்பர் தோப்பு, பூங்கா, சாலையோரம் இவற்றுக்குக் காகிதம் எதுவும் தேவையில்லை. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை.

காப்புக்காடு வேறு. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம், கையில் கேமரா மட்டும்தான் இருந்தது என்பது விலக்காகாது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 வருகிறது. சுற்றுலாப் பகுதியில் சீட்டு வாங்கிப் போகலாம், கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருக்கும், அதற்கு மேல் ஆய்வென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

குழுவாகக் காப்புக்காட்டுக்குப் போக விரும்பினால் மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: நோக்கம், எந்த வனச்சரகம், எந்தப் பாதை, தேதி, நேரம், வருபவர்கள் பட்டியல், ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், வண்டி எண், "எதையும் பிடிக்கவோ எடுத்துச் செல்லவோ மாட்டோம்" என்ற உறுதி. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் மேசை மாறிக் காணாமல் போகும், எனக்கு ஓர் அலுவலகத்தில் அப்படி ஆகி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. குறைந்தது மூன்று வாரம் முன்னால் கொடுங்கள். "போயிட்டு வாங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்று வாய்மொழியாகச் சொல்வதை வைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

இவ்வளவு அலைய முடியாது என்றால் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு என்ற அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு சட்டப்படி நடக்கலாம். பாதையைப் பொறுத்துச் சில நூறிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை ஆகும். கோடையின் தொடக்கத்தில் காட்டுத் தீ அபாயத்தால் மூடிவிடுவார்கள், அதனால் நவம்பர் முதல் ஜனவரிக்குள் பதிவு செய்வது நல்லது. மற்றவர்கள் வேகமாக நடப்பார்கள், நீங்கள் ஒவ்வொரு இலையிலும் நிற்பீர்கள். வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் புத்தகத்துக்குத் தெரியாது.

இன்னொரு பொறி: வெளிநாட்டிலிருந்து யாராவது "செத்த சிலந்தி ஒன்று அனுப்புங்கள், பெயர் சொல்கிறேன்" என்று நட்பாகக் கேட்பார்கள். செத்ததாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். உயிரியப் பன்மயச் சட்டம், 2002-ன் கீழ் அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது.

9. டரன்டுலா: ஆசைப்படுங்கள், வாங்காதீர்கள்

டரன்டுலா என்பது உடலெல்லாம் முடி அடர்ந்த பெரிய சிலந்தி. பயத்தின் உச்சியும் ரசனையின் உச்சியும் இங்கேதான் சந்திக்கின்றன. பொசிலோதெரியா என்ற மரவாழ் டரன்டுலாக்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியவை. பொசிலோதெரியா ரீகாலிஸ் 1899-ல் அரக்கோணத்துச் சிலந்தியை வைத்து விவரிக்கப்பட்டது. பொசிலோதெரியா ஹனுமவிலாசுமிகா ராமேஸ்வரத்தில் கண்டெடுக்கப்பட்டு 2004-ல் பெயர் பெற்றது, மிக மோசமான அழிவாபத்தில் இருக்கிறது. ஆந்திராவின் நீல நிற பொசிலோதெரியா மெட்டாலிகாவும் அதே நிலைமையில்தான். மரப்பொந்தில் பகலெல்லாம் இருந்துவிட்டு இரவில் வாசலில் வந்து காத்திருக்கும். அமெரிக்க டரன்டுலாக்கள் போல அரிக்கும் முடியை உதறும் பழக்கம் இவற்றுக்குக் கிடையாது. ஆனால் கடித்தால் கடும் வலியும், நாள் கணக்கில் தசைப்பிடிப்பும் வரும். எனவே கையில் எடுப்பது, பொந்துக்குள் குச்சி விடுவது கூடவே கூடாது.

செல்லப்பிராணியாக வளர்க்க இணையத்தில் விற்கிறார்கள். பொசிலோதெரியா பேரினம் முழுவதும் 2019-ல் சைட்டீஸ் என்ற, அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்த திருத்தம் சைட்டீஸ் இனங்களை நம் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருந்தால் 2024-ன் விதிகளின்படி பரிவேஷ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாட்களுக்குள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இறக்குமதி உரிமமும் சுகாதாரச் சான்றும் தேவை. "பேப்பர் எல்லாம் இருக்கு" என்று சொல்பவரிடம் காட்டச் சொல்லுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பார்சலில் சின்னச் சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகளைச் சுங்கத்துறையினர் பிடித்தார்கள். வாங்குபவர் இருப்பதால்தான் அந்தக் குப்பிகள் கிளம்புகின்றன.

உங்களுக்கு ஒன்று தென்பட்டால் ஐநேச்சுரலிஸ்டில் போடும்போது இடத்தை "மறைக்கப்பட்டது" என்று மாற்றிவிட்டுப் போடுங்கள். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஊர்ப் பெயர், மரம் தெரியும் அகலப் படம் எதுவும் வேண்டாம். பிடித்து விற்பவர்களும் அதே படங்களைப் பார்க்கிறார்கள்.

10. கடித்துவிட்டால்

சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், கடித்த சிலந்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்துக் கொல்ல வேண்டியதில்லை, படமே மருத்துவருக்குப் போதும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். வீக்கம் பரவினால், தசை இழுத்தால், மூச்சுத் திணறினால், குழந்தைக்குக் கடித்தால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலை எதையும் புண் மேல் அப்பாதீர்கள். சீழ் பிடித்து வருபவர்களில் பலருக்குக் கடியைவிட அப்பியதுதான் காரணமாக இருக்கும்.

தரையில் படுத்துத் தூங்கியவருக்கு நள்ளிரவில் ஏதோ கடித்தது, தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை, வலியும் இல்லை, "சிலந்தியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும். வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும், தெரியாவிட்டாலும்கூட, விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கயிறு கட்டாமல், கீறாமல், நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். பாம்புக்கடிக்கான மருந்து சிலந்திக்கடிக்குப் பயன்படாது, சிலந்திக்கடி என்று சொல்லி அனுமதித்தால் அந்த மருந்து தாமதமாகும். அதனால் "என்ன கடித்தது என்று தெரியாது, தரையில் தூங்கினார்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.